கைண்ட் ஆஃப் ப்ளூ: எல்பியில் கேட்கத் தொடங்கியவருக்கு

உங்கள் கேள்வியில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. அமெரிக்க ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் கைண்ட் ஆஃப் ப்ளூ எல்பி (இசைத்தட்டு) பரிசாக வந்தது, கேட்டீர்கள், இனிமையாக இருக்கிறது, ஆனால் இதை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள் என்று புரியவில்லை. மோடல் ஜாஸ் என்றால் என்ன. இன்னொரு நல்ல பிரதி வாங்குவதானால் எதை வாங்கலாம். முதல் இரண்டும் உண்மையில் ஒரே கேள்விதான், அதனால் அதை நிதானமாகச் சொல்கிறேன். வாங்குவது பற்றி அப்புறம்.

இனிமையாக இருப்பதுதான் இந்த ஆல்பத்தில் வரும் சிக்கல். உணவகத்தில் பின்னணியாக ஓடினாலும் யாரையும் தொந்தரவு செய்யாது. அதனாலேயே உள்ளே நடப்பது பலர் காதில் விழாமல் போகிறது. 1959இல் இதை வாசித்தவர்கள் ஜாஸ் கலைஞன் ஒருவன் பதினைந்து வருடமாகப் பிடித்துக்கொண்டு நடந்த கைப்பிடியை விட்டுவிட்டு நடந்தார்கள். அந்தக் கைப்பிடி கார்டு.

பல ஸ்வரங்கள் ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிப்பது கார்டு. 1940களில் சார்லி பார்க்கரும் டிஸ்ஸி கில்லெஸ்பியும் வளர்த்தெடுத்த பீபாப் பாணியில் கார்டுகள் வேகமாக மாறிக்கொண்டே இருக்கும். ஒரு கார்டுக்குப் பொருந்தும் ஸ்வரங்களை வாசிக்கத் தொடங்கி இரண்டு தாளத் தட்டு கழிவதற்குள் அடுத்த கார்டு வந்துவிடும், அதற்கு வேறு ஸ்வரங்கள் வேண்டும். சோலோ, அதாவது தனி ஆவர்த்தனம், வாசிப்பவர் இந்த மாற்றங்களைத் துரத்திக்கொண்டே கற்பனையும் செய்ய வேண்டும். மைல்ஸ் இருபது வயதுக்கு முன்பே பார்க்கரின் குழுவில் வாசித்தவர், அந்த வித்தை அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் 1958இல் ஒரு பேட்டியில், ஜாஸ் கார்டுகளால் கனத்துப் போய்விட்டது, கார்டுகளைக் குறைத்து ஒரே ஸ்வர வரிசையில் நின்றால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் போகலாம், அப்போதுதான் மெட்டைக் கற்பனை செய்யும் திறமைக்குச் சோதனை என்ற பொருளில் பேசினார். கார்டுகளைவிட ஸ்வர வரிசைகளை அடிப்படையாக வைக்கும் யோசனையை அவருடைய நண்பர் ஜார்ஜ் ரஸ்ஸல் 1953லேயே ஒரு கோட்பாட்டு நூலாக எழுதியிருந்தார்.

அந்த ஸ்வர வரிசைதான் மோட். நமக்கு இதை விளக்குவது அமெரிக்கர்களுக்கு விளக்குவதைவிட எளிது. உங்கள் எல்பியின் முதல் பாட்டு 'சோ வாட்' டோரியன் என்ற மோடில் இருக்கிறது. அதன் ஸ்வரங்களை வரிசையாக வாசித்தால் நம் கரகரப்ரியாவின் ஆரோகணம் வரும். இரண்டாம் பக்கத்தின் 'ஆல் ப்ளூஸ்' பெரும்பாலும் ஹரிகாம்போஜியின் ஸ்வரங்களில் நிற்கிறது. இதைச் சொன்னதும், அப்படியானால் இது ராக இசைதானே என்று பலர் சொல்லிவிடுகிறார்கள். இல்லை. மோட் என்பது ஸ்வரங்களின் பட்டியல், அவ்வளவுதான். கமகம், சஞ்சாரம், ராகத்தின் முகத்தைக் காட்டும் பிடிகள் எதுவும் அதில் இல்லை. அடியில் தம்புராவைப் போல ஒரே ஆதார ஸ்ருதியும் நிலைத்திருப்பதில்லை. ஸ்வரத் தொகுதி மட்டும் ஒன்று, இசை வேறு. ஆனால் ஒரே ஸ்வரத் தொகுதிக்குள் பத்து நிமிடம் அலுக்காமல் உலவ முடியும் என்ற நம்பிக்கை நம் காதுக்குப் பழக்கமானது. 1959இன் ஜாஸ் உலகத்துக்கு அது புதிது.

'சோ வாட்' கட்டமைப்பைக் கையால் எண்ணிப் பார்க்கலாம். நான்கு தட்டு ஒரு பார் என்று வைத்துக்கொண்டால், முதல் 16 பார் டி என்ற ஸ்வரத்தை ஆதாரமாகக் கொண்ட டோரியன். அடுத்த 8 பார் அதே டோரியன், ஆனால் அரை ஸ்வரம் மேலே. பிறகு 8 பார் பழைய இடம். மொத்தம் 32, இதுவே சுற்றிச் சுற்றி வருகிறது. இரண்டே இடம்தான். அந்த அரை ஸ்வர ஏற்றம் வரும்போது அறையில் யாரோ ஜன்னலைத் திறந்தது போல இருக்கும். அதைக் காதில் பிடித்துவிட்டால் பாட்டின் பாதி உங்களுக்குப் புரிந்துவிட்டது என்று அர்த்தம். மெட்டைச் சொல்வது டிரம்பெட் அல்ல, பால் சேம்பர்ஸின் டபுள் பாஸ். அவர் ஒரு வாக்கியம் சொல்ல, மற்றவர்கள் 'சோ வாட்' என்ற இரண்டு அசை போல இரண்டு ஒலியில் பதில் சொல்கிறார்கள். முதலில் பியானோ மட்டும், பிறகு ஊதுபவர்களும் சேர்ந்து.

இதில் என்ன கஷ்டம், இரண்டே இடம் என்றால் சுலபம்தானே என்று தோன்றும். இதில் டெனர் சாக்ஸபோன் வாசித்த ஜான் கோல்ட்ரேனை வைத்துப் பாருங்கள். இந்த ஆல்பத்தின் கடைசி ஒலிப்பதிவு ஏப்ரல் 22. இரண்டு வாரத்துக்குள், மே மாதத் தொடக்கத்தில், அவர் தன் சொந்த ஆல்பத்துக்காக 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்' பாட்டைப் பதிவு செய்தார். அதிலும் பாஸ் சேம்பர்ஸ்தான். கார்டுகளைத் துரத்தும் வித்தையின் உச்சம் அது. மூச்சுவிட நேரமில்லாத வேகத்தில், ஒன்றுக்கொன்று தொலைவில் இருக்கும் கார்டுகள் அடுத்தடுத்து வருகின்றன. அதே மனிதர் அந்த ஏப்ரல் 22 அன்று 'ஃப்ளமெங்கோ ஸ்கெட்சஸ்' பாட்டில் ஒரு ஸ்வரத்தை நீட்டி, அது அடங்கும் வரை காத்திருக்கிறார். கார்டு மாறிக்கொண்டே இருந்தால் அந்த ஓட்டத்தைத் தாக்குப்பிடிப்பதே ஒரு சாதனையாகத் தெரியும். ஒரே இடத்தில் நிற்கும்போது அந்த மறைப்பு கிடையாது. சொல்ல ஏதாவது இருந்தால்தான் சொல்ல முடியும். கைண்ட் ஆஃப் ப்ளூவின் சாதனை என்று நான் நினைப்பது இதைத்தான்.

பதிவு நடந்த இடம் நியூயார்க்கில் கிழக்கு 30ஆவது தெருவில் கொலம்பியா நிறுவனம் வைத்திருந்த ஸ்டுடியோ. அது ஒரு பழைய தேவாலயக் கட்டடம், கூரை மிக உயரம். பியானோ கலைஞர் க்ளென் கூல்ட் 1955இல் பாஹின் கோல்ட்பர்க் வேரியேஷன்ஸை வாசித்ததும் அங்கேதான். உங்கள் எல்பியில் ஊதும் ஒலிக்குப் பின்னால் ஒரு பெரிய காலியிடம் இருப்பது போல உணர்ந்திருப்பீர்கள். அந்த இடத்துக்கு அதில் பெரிய பங்கு உண்டு. கட்டடம் இப்போது இல்லை, 1980களில் இடித்துவிட்டார்கள்.

1959 மார்ச் 2 அன்று முதல் பக்கத்தின் மூன்று பாட்டுகள், ஏப்ரல் 22 அன்று இரண்டாம் பக்கத்தின் இரண்டு. அவ்வளவுதான், இரண்டே நாள். டிரம்பெட் மைல்ஸ், டெனர் சாக்ஸபோன் கோல்ட்ரேன், ஆல்ட்டோ சாக்ஸபோன் கேனன்பால் அடர்லி, பியானோ பில் எவன்ஸ், பாஸ் சேம்பர்ஸ், டிரம்ஸ் ஜிம்மி காப். 'ஃப்ரெடி ஃப்ரீலோடர்' என்ற ஒரு பாட்டுக்கு மட்டும் பியானோ விண்டன் கெல்லி. எவன்ஸ் சில மாதங்களுக்கு முன்பே குழுவை விட்டு விலகியவர், கெல்லிதான் அப்போது குழுவின் பியானோக்காரர். ஆனால் இந்த ஆல்பத்தின் யோசனைக்கு எவன்ஸின் கை வேண்டும் என்று மைல்ஸ் அவரைத் திரும்ப அழைத்தார். ப்ளூஸ் வாசனை தூக்கலாக இருக்கும் ஒரு பாட்டைக் கெல்லிக்குக் கொடுத்தது சரியான முடிவு என்பது கேட்டாலே தெரியும். ஏழு பேரில் ஒருவருக்கும் அன்று 33 வயது ஆகவில்லை. ஏப்ரல் 22 சேம்பர்ஸின் பிறந்தநாள், அவருக்கு அன்று 24. பத்து வருடம்கூடத் தாண்டாமல், 1969 ஜனவரியில் இறந்துவிட்டார்.

மைல்ஸ் ஒத்திகை வைக்கவில்லை, இதை வாசி, இந்த ஸ்வர வரிசை என்று குறிப்பு மட்டும் கொடுத்தார் என்று சொல்வார்கள். உறையின் பின்பக்கம் எவன்ஸ் எழுதிய சிறு கட்டுரையில் அப்படித்தான் இருக்கிறது. மெல்லிய தாளில் தூரிகையை எடுக்காமல் வரையும் ஜப்பானிய ஓவியத்தோடு அவர் அதை ஒப்பிடுகிறார். அந்த ஓவியத்தில் கோடு தயங்கினால் தாள் கிழிந்துவிடும், அழித்துத் திருத்த வழியில்லை. அழகான கட்டுரை, உங்கள் பிரதியில் இருந்தால் படித்துவிட்டுக் கேளுங்கள். ஆனால் எல்லாமே முதல் முயற்சியிலேயே அமைந்துவிட்டது என்ற கதையை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். 'ஃப்ளமெங்கோ ஸ்கெட்சஸ்' பாட்டுக்கு முழுதாக வாசித்த இன்னொரு பதிவும் இருக்கிறது, பின்னாளில் வந்த சிடிகளில் சேர்த்திருக்கிறார்கள். தொடங்கி நிறுத்திய முயற்சிகளும் டேப்பில் உண்டு. அதனால் இதன் மதிப்பு துளியும் குறையாது. மெட்டுக்குப் பழகிவிட்ட விரல்களின் சாமர்த்தியம் இதில் இல்லை, கேட்டுக் கேட்டு வாசிப்பது இருக்கிறது. முக்கியம் அதுதான்.

'ஃப்ளமெங்கோ ஸ்கெட்சஸ்' பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லாமல் விட முடியவில்லை. இதற்கு எழுதப்பட்ட மெட்டே கிடையாது. ஐந்து ஸ்வர வரிசைகள், ஒன்றன்பின் ஒன்று. ஒவ்வொன்றிலும் எவ்வளவு நேரம் தங்குவது என்பது வாசிப்பவர் விருப்பம், போதும் என்று தோன்றும்போது அடுத்ததற்கு நகரலாம். மற்றவர்கள் அந்த முடிவைக் காதால் பிடித்துக் கூடவே நகர வேண்டும். நம் பாஷையில் சொன்னால், ஆதார ஷட்ஜமும் இடம் மாறுகிற ராகமாலிகை. சங்கராபரணத்தின் ஸ்வரங்களில் தொடங்குகிறது, நான்காவது வரிசையில் தோடியின் ஸ்வரங்களை ஒட்டி ஸ்பானிய வாசனை அடிக்கிறது, கரகரப்ரியாவின் ஸ்வரங்களில் இறங்கி முடிகிறது. அந்த நான்காவது இடத்துக்கு ஒவ்வொருவரும் எப்படி வந்து சேருகிறார்கள் என்று கவனியுங்கள். முதலில் மைல்ஸ், பிறகு கோல்ட்ரேன், அடர்லி, எவன்ஸ், முடிவில் மறுபடி மைல்ஸ். அடர்லி எப்போதும் பேச்சுக்காரர், உற்சாகம் பொங்குகிறவர். அவரே இங்கே குரலைத் தாழ்த்துகிறார்.

'ப்ளூ இன் க்ரீன்' யாருடையது என்பதில் சர்ச்சை உண்டு. உறையில் மைல்ஸின் பெயர் இருக்கிறது, எவன்ஸ் அது தன்னுடையது என்று சொல்லிவந்தார். அந்தப் பத்து பார் சுற்றைக் கேட்கும்போது எனக்கு எவன்ஸின் பக்கம்தான் சாயத் தோன்றுகிறது.

சரி, எல்பிக்கு வருவோம். நீங்கள் கையில் வைத்திருப்பது எல்பி என்பதால் சில விஷயங்கள் உங்களுக்கு மட்டும் பொருந்தும். முதல் பக்கம் ஏறக்குறைய 25 நிமிடம், இரண்டாவது 21. எல்பியின் ஒரு பக்கத்துக்கு 25 நிமிடம் என்பது கொஞ்சம் நெருக்கம்தான். தட்டு ஒரே வேகத்தில் சுற்றுகிறது, ஆனால் வெளி வளையம் பெரிது, உள் வளையம் சிறிது. வெளி ஓரத்தில் ஊசிக்கு அடியில் நொடிக்குச் சுமார் 50 சென்டிமீட்டர் பள்ளம் ஓடினால், நடுவை நெருங்கும்போது சுமார் 21தான். அதே ஒலியை அவ்வளவு சிறிய இடத்தில் அடைக்க வேண்டும், உரசலும் சிதைவும் அங்கேதான் முதலில் தெரியும். முதல் பக்கத்தின் அந்தக் கடைசி இடத்தில் இருப்பது 'ப்ளூ இன் க்ரீன்', ஆல்பத்திலேயே மிக மெல்லிய பாட்டு. ம்யூட் (ஒலியை அடக்கும் அடைப்பு) செருகிய டிரம்பெட்டின் கீச்சென்ற கூர்மை தேய்ந்த ஊசியில் கரகரக்கும். உங்கள் பிரதியில் அந்த இடம் கரகரத்தால் தட்டைக் குறை சொல்லும் முன் ஊசியைப் பாருங்கள்.

இன்னொன்று வேகம். மார்ச் 2 அன்று பதிவு செய்த பிரதான டேப் இயந்திரம் சற்று மெதுவாக ஓடியிருக்கிறது. அந்த டேப்பைச் சரியான வேகத்தில் ஓட்டினால் இசை கொஞ்சம் வேகமாகவும் ஸ்ருதி கொஞ்சம் தூக்கலாகவும் கேட்கும். முப்பது வருடத்துக்கும் மேலாக உலகமே முதல் பக்கத்தை அப்படித்தான் கேட்டது. நான் முதலில் கேட்டது ஒரு கேசட்டில். கூடவே கீபோர்டில் வாசிக்கப் பார்ப்பேன், இரண்டாம் பக்கம் பொருந்தும், முதல் பக்கம் பொருந்தாது. கேசட் ப்ளேயரின் கோளாறு என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். 1990களில் மறுபதிப்பு வேலை செய்தவர்கள் இதைக் கண்டுபிடித்து, அதே நாளில் இன்னொரு இயந்திரத்தில் சரியான வேகத்தில் எடுத்திருந்த காப்பு டேப்பிலிருந்து திருத்தினார்கள். திருத்திய 'சோ வாட்' முதல் முறை கேட்டபோது தோளைத் தளர்த்தி உட்கார்ந்தது போல இருந்தது. வித்தியாசம் மிகச் சிறிது, ஆனால் இவ்வளவு நிதானமான இசையில் அது தெரிகிறது.

இப்போது தாக்கம். அடையாளமாகச் சில: அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2002இல் இதைத் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்தது. 2009இல் ஐம்பதாவது ஆண்டுக்காகப் பிரதிநிதிகள் சபை 409க்கு 0 என்று ஒரு தீர்மானமே போட்டது. 2008 கணக்கில் அமெரிக்காவில் மட்டும் 40 லட்சம் பிரதி என்ற சான்றிதழ் கிடைத்தது. இவற்றோடு நான் எப்போதும் சேர்த்து நினைப்பது இன்னொன்று. ஆல்பம் வெளியானது 1959 ஆகஸ்ட் 17. எட்டே நாள் கழித்து, தான் வாசித்துக்கொண்டிருந்த பேர்ட்லேண்ட் கிளப்புக்கு வெளியே நடைபாதையில் நின்ற மைல்ஸைப் போலீஸ்காரர்கள் தலையில் ரத்தம் வர அடித்துக் கைது செய்தார்கள். அந்த நாட்டில் அந்த வருடத்தில் ஒரு கறுப்பினக் கலைஞர் எப்படி நடத்தப்பட்டார் என்பதையும் தெரிந்துகொண்டு கேட்க வேண்டிய இசை இது.

இசையில் நேரடியாக நடந்ததைச் சொன்னால், கோல்ட்ரேனின் 'இம்ப்ரெஷன்ஸ்' அப்படியே 'சோ வாட்' கட்டமைப்புதான். அதே 16, 8, 8, அதே இரண்டு இடம், ஆனால் கொதிக்கும் வேகம். 1960இல் அவர் 'மை ஃபேவரிட் திங்ஸ்' என்ற நாடகப் பாட்டை எடுத்து, சோலோ வரும் இடத்தில் கார்டுகளை ஒதுக்கிவிட்டு ஒரே தளத்தில் நின்று வாசித்தார். 1961இல் 'இண்டியா' என்றே ஒரு பாட்டு. ரவி ஷங்கரின் இசையில் ஈடுபாடு கொண்டு அவரைச் சந்தித்தார், 1965இல் பிறந்த மகனுக்கு ரவி என்று பெயர் வைத்தார். 1964 டிசம்பரில் பதிவான 'எ லவ் சுப்ரீம்' வரை இந்தக் கோடு நீள்கிறது. பியானோ கலைஞர் ஹெர்பி ஹான்காக்கின் 1965 'மெய்டன் வாயேஜ்' இன்னொரு கிளை.

ஜாஸுக்கு வெளியே போனது எனக்கு இன்னும் சுவாரசியம். 1967இல் பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் 'கோல்ட் ஸ்வெட்' பாட்டுக்கு இசையமைத்த பீ வீ எல்லிஸ், அதில் ஊதுபவர்கள் வாசிக்கும் அந்தச் சிறு வாக்கியம் 'சோ வாட்' தூண்டுதலில் வந்தது என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பாட்டிலிருந்துதான் தாளத்தை முன்னிறுத்தும் ஃபங்க் இசை தொடங்கியது என்று பலர் சொல்வார்கள். பிங்க் ஃப்ளாய்ட் ராக் குழுவின் ரிச்சர்ட் ரைட் 1973இல் வந்த 'ப்ரீத்' பாட்டின் ஒரு கார்டைக் கைண்ட் ஆஃப் ப்ளூவிலிருந்து எடுத்ததாகச் சொன்னார். ராக் கிதார்க்காரர் டுவேன் ஆல்மன், தன் சோலோ பாணி மைல்ஸிடமும் கோல்ட்ரேனிடமும், குறிப்பாக இந்த ஆல்பத்திலிருந்தும் வந்தது என்றார். மூவரும் எடுத்துக்கொண்டது ஒலியை அல்ல. மூவரின் இசையும் மூன்று மாதிரி ஒலிக்கிறது. அவர்கள் எடுத்துக்கொண்டது அடித்தளத்தை அசையாமல் வைத்துவிட்டு மேலே நடமாடும் வழியை. மைல்ஸின் பிற்கால ஆல்பங்களில் கிதார் வாசித்த ஜான் மெக்லாஃப்லின் 1970களின் நடுவில் சென்னையில் பிறந்த வயலின் கலைஞர் எல். சங்கர், கடம் விக்கு விநாயக்ராம், தபலா ஜாகிர் உசேன் ஆகியோரோடு சேர்ந்து சக்தி குழுவில் வாசித்தபோது, ஒரு மோடில் நிற்கப் பழகிய ஜாஸ் கையும் ராகத்தில் வளர்ந்த கையும் ஒரே மேடையில் உட்கார்ந்தன.

கெட்ட தாக்கமும் உண்டு. ஜாஸ் கற்கத் தொடங்குகிற எல்லோருக்கும் முதலில் கொடுப்பது 'சோ வாட்' தான், இரண்டே இடம் என்பதால். இருபது நிமிடம் ஒரே இடத்தில் மேலும் கீழும் ஓடிக்கொண்டிருக்கும் சோலோக்களை நான் நிறையக் கேட்டுவிட்டேன். மைல்ஸின் சோலோவில் இருக்கும் நிறுத்தங்களை எண்ணிப் பார்த்தால் அவர்கள் விட்டது எது என்று தெரியும்.

வாங்குவது. 1959இன் முதல் பிரதிகளைத் தேடிப் போகாதீர்கள். லேபிளில் ஆறு கண் போன்ற சின்னம் இருக்கும், விலை எட்டாது, முதல் பக்கம் தவறான வேகத்திலும் இருக்கும். ஆரம்பப் பிரதிகள் சிலவற்றில் இரண்டாம் பக்கத்தின் இரு பாட்டுப் பெயர்களும் இடம் மாறி அச்சாகியிருக்கின்றன, அது சேகரிப்பவர்களுக்கான விஷயம். மிக மலிவாகக் கிடைக்கும் ஐரோப்பிய அச்சுகளிலும் கவனம் வேண்டும். 1959 பதிவுகளுக்கு அங்கே 50 வருட உரிமை முடிந்துவிட்டதால் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், பல சிடியிலிருந்தே எடுத்தவை. கொலம்பியாவின் சொந்த மறுபதிப்பில், முதல் பக்கம் வேகம் திருத்தப்பட்டது என்று தெளிவாகச் சொல்லும் பிரதியை வாங்குங்கள். இரண்டு தட்டில், நிமிடத்துக்கு 45 சுற்று வேகத்தில் வந்த பதிப்பும் உண்டு. அதில் ஒரு பக்கத்துக்குக் குறைந்த நேரமே என்பதால் நான் முன்பு சொன்ன உள் வளையச் சிக்கல் குறையும், ஆனால் நடுவில் எழுந்து எழுந்து திருப்ப வேண்டும். எனக்கு அது பிடிப்பதில்லை. முதல் முறை வாங்குகிறவர் மோனோவைவிட ஸ்டீரியோ வாங்குவது நல்லது: கோல்ட்ரேன் இடது பக்கம், அடர்லி வலது பக்கம், மைல்ஸ் நடுவில். இரண்டு சாக்ஸபோனையும் பிரித்தறியக் காது பழகிவிடும்.

இன்று இரவே முதல் பக்கத்தை வையுங்கள். பாஸும் மற்றவர்களும் பேசி முடித்து, சுமார் ஒன்றரை நிமிடத்தில் மைல்ஸின் சோலோ தொடங்கும். அந்த நொடியில் ஜிம்மி காப் சிம்பலில் ஓர் அடி கொடுப்பார். சற்று ஓங்கி அடித்துவிட்டோமோ என்று தனக்குத் தோன்றியதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஏழு பேரில் கடைசியாக இருந்தவர் அவர்தான், 2020இல் இறந்தார். அந்த அடி டிரம்பெட்டின் முதல் ஸ்வரங்களுக்குக் கீழே விரிந்து, அவை முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் காற்றில் நிற்கும். அது முழுதாக அடங்கும் வரை வேறு எதையும் கவனிக்காமல் அதை மட்டும் கேளுங்கள்.